ஆளுக்கொரு அர்த்தம்

கார்மென்ட்டில் தைக்கிற உடைகளில் பிழை வருவதற்குக் காரணம் ஊசியோ, நூலோ, தைக்கிற பெண்பிள்ளைகளின் தூக்கமோ அல்ல, அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாததுதான் என்று நிர்வாகம் ஒரு கூட்டத்தில் கண்டுபிடித்தது. கூட்டம் நடந்த அறையில் ஏசி இருந்தது. அதனால் கண்டுபிடிப்பில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. உடைகளை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனியின் வெள்ளைக்காரர் ஒருவர் தையல் வரிசைகளுக்கு நடுவே நடந்துபோகையில், ஒரு பிள்ளையிடம் குனிந்து, மெஷின் எப்படி ஓடுகிறது என்று சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் கேட்டார். அவள் பதறி எழுந்து கழிவறைப் பக்கம் கையைக் காட்டினாள். வெள்ளைக்காரர் மரியாதைக்காக அங்கே போய்விட்டு வந்தார். அவர் அதை மறந்திருப்பார். மனித வள முகாமையாளர் இந்திரகுமார் மறக்கவில்லை. அடுத்த மாதமே 'மாதம் ஒரு சொல்' என்ற திட்டம் வந்தது. முதல் மாதம் 'குட்'. இரண்டாம் மாதம் 'டைம்'. மூன்றாம் மாதம், அந்த வெள்ளைக்காரர் கேட்ட கேள்வியில் இருந்த சொல்: 'ரன்'.

கிரிக்கெட் பார்க்கிற நாட்டில் இந்தச் சொல் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் இந்திரகுமார் அகராதியைத் திறந்தபோது அது பக்கம் பக்கமாகப் போனது. ஆறு பாய்வதும் ரன். மூக்கு ஒழுகுவதும் ரன். கடை நடத்துவதும் ரன், தேர்தலில் நிற்பதும் ரன், துணியில் சாயம் கசிவதும் ரன். வேறொருவர் என்றால் அகராதியை மூடியிருப்பார். இந்திரகுமார் அர்த்தங்களை எண்ணினார். பிறகு ஊழியர்களை எண்ணினார். இரண்டும் கிட்டத்தட்டச் சரியாக இருந்தன. கடவுளே கை காட்டியதுபோல் ஆகிவிட்டது அவருக்கு.

ஆளுக்கொரு அர்த்தம். மாதக் கடைசியில் விழா. ஒவ்வொருவரும் மேடையேறி, தனக்குக் கொடுத்த அர்த்தத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தையல் வரிசையும், அதற்கு நூல் வெட்டுகிறவர்களும் கூட்டுகிறவர்களும் சேர்ந்து, ஒரு அணி. வெல்கிற அணிக்குத் திருகோணமலைக் கடலுக்குச் சுற்றுலா. ஒரு ஆள் குறைந்தாலும் அந்த அணி வெளியே, அந்த மாத ஊக்கப் பணமும் இல்லை.

அர்த்தங்களைப் பிரித்துக் கொடுத்ததில் பெரிய சண்டை வந்தது. நிர்வகித்தல் என்ற அர்த்தத்தை மெனேஜர்மார் எடுத்துக்கொண்டார்கள். முன்னணியில் நிற்றல் சுப்பர்வைசர்களுக்குப் போனது. மெஷின் இயங்குதல், சாயம் கசிதல், காலுறையில் இழை பிரிதல் எல்லாம் தைக்கிற பிள்ளைகளுக்கு. கென்டீன்காரருக்குச் சாமான் தீர்ந்துபோதல். மிச்சம் மீதிதான் கூட்டுகிறவர்களுக்கும் நூல் வெட்டுகிறவர்களுக்கும் வந்தது.

கூட்டுகிற நோனாவுக்கு மூக்கு ஒழுகுதல் வந்தது. அவள் விளக்குமாற்றோடு மனித வளப் பிரிவுக்கே போய்விட்டாள்.

"ஏன் சேர், இத்தன பேருக்குள்ள எனக்கா மூக்கு ஒழுகணும்? என்ட மருமகன் கேட்டா என்ன நெனப்பார்? அந்த ஆத்துத் தண்ணியத் தாங்க. இல்லாட்டி அந்த எலெக்ஷனத் தாங்க. நான் நிக்கிறேன்."

"அர்த்தங்களில் உயர்வு தாழ்வு இல்லை" என்று இந்திரகுமார் அவளுக்கு விளக்கினார். உயர்வு தாழ்வு இல்லாததால் மாற்றித் தரவும் முடியாது என்றார்.

சுந்தரம்மாவுக்குக் கிடைத்தது அகராதியில் எல்லாவற்றுக்கும் முதலில் இருந்த அர்த்தம். கால்களால் வேகமாக ஓடுதல். எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆகக் கடைசி ஆளுக்கு, மேடையேறுகிற வரிசையில் ஆகக் கடைசி இலக்கத்தோடு அது போய்ச் சேர்ந்தது.

சுந்தரம்மாவுக்கு யட்டவத்தப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை அறைகளில் ஒன்றில், வீடு. இரவு வேலை. தைத்து முடிந்த சட்டைகளில் தொங்குகிற நூல்களைக் கத்தரித்து அடுக்குவதுதான் அவளுடைய தொழில். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று அந்த வேலைக்கு நாற்காலி கொடுப்பதில்லை. அவளுடைய புருஷன் நல்லையா பல்லேபொலப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகு பறிப்பவன். மரத்தோடு மரமாக ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்துக்கொண்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவான். ஐம்பதைத் தாண்டிய பிறகும் ஏறினான்.

அவள் அடுப்படியில் நின்று மனப்பாடம் செய்தபோது அவன் வாசலில் இருந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"டு மூவ் ஃபாஸ்ட் ஒன் ஃபுட். டு மூவ் ஃபாஸ்ட் ஒன் ஃபுட்."

"என்னாடி அது?"

"ஓடுறதுங்க. இங்கிலீசுல."

"ஓடுறதுக்கு எதுக்கு இங்கிலீசு? நாய் தொரத்துனா தன்னால ஓடப்போற."

"கம்பனியில சொல்லச் சொல்றாங்க. ஃபுட்டுன்னா காலு."

"ஒன் ஃபுட்டுன்னா ஒத்தக் காலுல்ல? ஒத்தக் கால்ல எப்புடி ஓடுவ? நொண்டியில்ல அடிக்கணும்." அவன் கத்தியை வைத்துவிட்டு வாசலில் ஒற்றைக் காலால் நொண்டிக் காட்டினான். "இந்தா, இதான் ஒங்க கம்பனி இங்கிலீசு."

"போங்க அங்கிட்டு" என்று அவள் கரண்டியை ஓங்கினாள். சிரித்துத் தொலைத்ததில் அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது.

விழா வாரம் பிறந்தபோது நல்லையா ஏணியிலிருந்து விழுந்தான். மழையில் மூங்கில் வழுக்கியது என்றார்கள். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. மாத்தளை ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, கண்டிக்கு அனுப்பித்தான் ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அம்புலன்ஸ்.

அவன் வலியைப் பற்றிப் பேசவில்லை. மயக்க மருந்துக்குத்தான் பயந்தான். அவனுடைய தகப்பனுக்கு அப்படி மருந்து கொடுத்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அந்த மனிதர் பிறகு கண் விழிக்கவில்லை.

"ஏத்துறதுக்கு முந்தி நீ வந்து நில்லு" என்றான் நல்லையா.

"வராம எங்க போகப்போறேன்?"

"ஒன்னும் செய்ய வேணாம். சும்மா வந்து நின்னாப் போதும். ஒன்னயப் பார்த்துட்டுப் போயிர்றேன்."

தேத்தண்ணியும் பச்சை மிளகாயும் தவிர அவன் அவளிடம் எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டான். புதன்கிழமை பின்னேரம் அவனுடைய தம்பி ரமேசைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு அவள் வேலைக்குப் புறப்பட்டாள். விழா வாரத்தில் யாருக்கும் லீவு கிடையாது. இரவு வேலை ஆறு மணிக்கு முடியும், விழா ஏழு மணிக்குத் தொடங்கும், எட்டுக்கெல்லாம் முடிந்துவிடும் என்று அறிவித்திருந்தார்கள். எட்டுக்கு முடிந்தால் ஒன்பதுக்குள் ஆஸ்பத்திரி. அவள் நம்பினாள். கம்பனி நேரத்தைப் பற்றிக் கண்டிப்பானது. கழிவறைக்குப் போய்வருவதற்கே மணி பார்க்கிறவர்கள்.

காலையில் தொழிலாளர்கள் எல்லாருடைய கைபேசிகளும் லொக்கருக்குள் இருந்தன. மண்டபத்தில் இரவு முழுக்க வேலை செய்தவர்களை முன்னாலும், பகல் வேலைக்கு வந்தவர்களைப் பின்னாலும் நிறுத்தினார்கள். முன்வரிசையில் கொட்டாவி விடக் கூடாது என்று அறிவித்தார்கள். ஏனென்றால் சுவரில் தொங்கிய பெரிய திரையில் வெளிநாட்டு வெள்ளைக்காரர் வரவிருந்தார்.

ஏழு மணிக்கு ஆலோசகர் வரவில்லை. ஆங்கிலம் கற்பிப்பதற்காகவே கொழும்பிலிருந்து வாடகைக்கு எடுத்த பிரதம விருந்தினர் அவர். எட்டைத் தாண்டித்தான் வந்து இறங்கினார். பிறகு குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஒவ்வொரு திரிக்கும் ஒரு மெனேஜர். திரிகளை விட மெனேஜர்கள் கூடுதலாக இருந்ததால், ஏற்றிய திரியை ஊதி அணைத்துவிட்டு அடுத்தவர் ஏற்றினார். தேசிய கீதம். கம்பனி கீதம். அதன் பிறகு, போன மாதம் பிழையாகிக் கழிக்கப்பட்ட உடைகளுக்காக ஒரு நிமிட மௌனம்.

சுந்தரம்மா தன் வரிசைச் சுப்பர்வைசர் கிருஷாந்தினியின் முதுகைத் தொட்டாள். மகள் வயதுப் பிள்ளை.

"தங்கச்சி, அவரப் பத்து மணிக்கு ஏத்துறாங்க. நான் போயிட்டு வந்துர்றேனே."

கிருஷாந்தினிக்கு முகம் வாடிவிட்டது. "எனக்கு விட ஆசதான் அக்கா. நான் விட்டா என்னைய விட மாட்டாங்க. மேல கேளுங்க."

மேலே என்பது மாடிப் பொறுப்பாளர். அவர் மௌனம் முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை. திறந்ததும், இது தையல் சம்பந்தமான விஷயம் இல்லை, மனித வளம் சம்பந்தமானது என்றார். மனித வளப் பிரிவில் உதவியாளர் றினோஸ் இருந்தான். நல்ல பையன். யாரையும் ஏசியதில்லை. அவன் மேடைக்குப் பக்கத்தில், தரையில் மஞ்சள் டேப் ஒட்டிய ஒரு சதுரத்துக்குள் நின்றான். சுந்தரம்மா அதற்குள் காலை வைத்தாள்.

"தம்பி, என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில. கண்டிக்கு ஏத்தப் போறாங்க. நான் போகணும்."

றினோஸ் உதட்டில் விரலை வைத்தான். தலைக்கு மேல் தொங்கிய பலகையைக் காட்டினான். பிறகு ஒரு காலை டேப்புக்கு வெளியே எடுத்து வைத்து, குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னான்: "இது இங்கிலீஷ் வலயம் அக்கா. இதுக்குள்ள நின்னு தமிழ் பேச ஏலாது. பயப்பட வேணாம், நான் சொல்லித் தாறேன். எக்ஸ்கியூஸ் மீ சேர், மே ஐ கோ டு த ஹொஸ்பிட்டல், ப்ளீஸ்?"

அவள் சொன்னாள்.

"நல்லா ஈக்கி. 'ப்ளீஸ்' சொல்லக்குள்ள கொஞ்சம் சிரிக்கணும்."

அவள் சிரித்துச் சொன்னாள்.

"தலையக் குனியாம. கண்ணப் பார்த்து."

நெஞ்சில் இருந்ததை எல்லாம் திரட்டி, நிமிர்ந்து, அவனுடைய கண்ணைப் பார்த்து அவள் சொன்னாள்: "எக்ஸ்கியூஸ் மீ சேர். மே ஐ கோ டு த ஹொஸ்பிட்டல், ப்ளீஸ்?"

றினோஸுக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாக அவன் பட்ட பாட்டுக்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்தது. "வெரி குட்! வெரி, வெரி குட்!" என்று கை தட்டினான். சட்டைப் பையிலிருந்து ஒரு தங்க நிற நட்சத்திரத்தை உரித்து அவளுடைய நெஞ்சில் ஒட்டினான். அவளைப் படம் எடுத்தான். அந்தப் படத்தை இந்திரகுமாருக்குக் காட்டுவதற்காக ஓடினான்.

சுந்தரம்மா மஞ்சள் சதுரத்துக்குள் நின்றாள். கேட்ட கேள்விக்கு ஒரு பதில் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. இந்த நட்சத்திரம்தான் பதிலோ என்று ஒரு சந்தேகம் வந்தது. வரிசைக்குத் திரும்பி நோனாவிடம் கேட்டாள்.

"இதுக்குப் போகலாம்னு அர்த்தமா, இல்ல ஏலாதுன்னு அர்த்தமா?"

நோனா நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தாள். "அடி அறிவு கெட்டவளே, கேட் தொறந்துதான் ஈக்கி. அந்தா தெரீது. நட. ஒன்ட அர்த்தத்தயும் சேத்து மேடையில நான் செல்றேன். மூக்கு ஒழுகிட்டே ஓடுறேன்."

கேட் உண்மையாகவே திறந்திருந்தது. காவலாளி வெயிலில் கதிரை போட்டு இருந்தார். சுந்தரம்மா திரும்பித் தன் அணிப் பிள்ளைகளைப் பார்த்தாள். போக வேண்டாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. போ என்றும் நோனாவைத் தவிர ஒருத்தியும் சொல்லவில்லை. அவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்திக்கு நகை அடகில். ஒருத்திக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டும். ஒருத்தி கடலையே பார்த்ததில்லை. எல்லாருடைய சட்டையிலும் இலக்கம் குத்தியிருந்தது. ஒரு இலக்கம் குறைந்தாலும் எல்லாம் போய்விடும்.

இதை வெளியில் இருக்கிறவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். சுந்தரம்மா தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் வளர்ந்தவள். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது. பேர் கூப்பிடும்வரை ஒருவரும் அசையக் கூடாது. மழை பெய்தாலும் அசையக் கூடாது. அவளுடைய அம்மா வயிற்றுவலியோடு அங்கே நின்றிருக்கிறாள். பேர் கூப்பிட்ட பிறகுதான் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. அப்போதும் ஊரில் எல்லாரும் சொன்னது, பேர் கூப்பிடும்வரை நின்றாளே என்றுதான். அது ஒரு பெருமையாகப் பேசப்பட்டது. அந்தக் களத்திலிருந்து வந்தவளுக்குத் திறந்த கேட் ஒரு வழியாகத் தெரியாது.

அவள் நின்றாள்.

இந்திரகுமார் ஒலிவாங்கியைப் பிடித்தார். எளிய மக்களின் மனதைத் தொட வேண்டிய இடங்களில் அவர் தமிழில் பேசுவார்.

"அக்காமாரே, தங்கச்சிமாரே, நானும் உங்கள்ல ஒருத்தன்தான். நான் பிறந்தது லயத்துல. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்ல. முந்தி இருந்துச்சு. இப்ப இல்ல. ஏன் இல்ல? இங்கிலீஷ்!" கைதட்டலுக்காக நிறுத்தினார். றினோஸ் கையை உயர்த்தியதும் எல்லாரும் தட்டினார்கள். "எங்க அப்பா கடைசியாக் கிடந்தப்ப இங்க ஆடிட். உடுப்பு வாங்குற பையரோட ஆட்கள் வந்திருந்தாங்க. அம்மா கோல் எடுத்தாங்க. உன்னைத்தான் கேக்கிறாருன்னாங்க. நான் என்ன செஞ்சேன்? போனை ஓஃப் பண்ணினேன். இதுதான் கமிட்மென்ட். அந்த ஆடிட்ல எங்களுக்கு நூத்துக்குத் தொண்ணூத்தாறு! மறுநாள் நான் போய்ச் சேரும்போது அப்பாவைப் புதைச்சிட்டாங்க. நான் வருத்தப்பட்டேனா? இல்ல. எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான்." அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கப் பார்த்தார். மூடி கொஞ்ச நேரம் திறபடவில்லை. "அந்த நாலு புள்ளி எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் விளங்கல."

எல்லாரும் தட்டினார்கள். சுந்தரம்மாவும் தட்டினாள். கை தானாகத் தட்டியது.

அர்த்தங்கள் தொடங்கின. மெனேஜர்மார் நிர்வகித்தார்கள். சுப்பர்வைசர்கள் முன்னணியில் நின்றார்கள். ஆறு பாய்ந்தது, சாயம் கசிந்தது, பஸ் ஓடியது, பத்திரிகையில் செய்தி வெளியானது, குளிப்பதற்குத் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கென்டீன்காரர் சாமான் தீர்ந்துவிட்டது என்றபோது மட்டும் மண்டபம் உண்மையாகவே சிரித்தது. நோனா மேடையேறி, மருமகனை நினைத்துக்கொண்டோ என்னவோ, ஆகச் சத்தமாக மூக்கு ஒழுகினாள். பாதிக்கு மேல் போனபோது திரையில் வெள்ளைக்காரரின் முகம் வாய் திறந்தபடி உறைந்தது. பிறகு மறைந்தது. இணைப்பைத் திரும்பப் பிடிக்க நேரம் எடுத்தது. பிடித்ததும் ஆலோசகர் எழுந்து, இப்படி முக்கியமான ஒரு கற்றல் பயணத்தை வெள்ளைக்காரர் பாதியில் இருந்து பார்ப்பது முறையில்லை என்றார்.

முதலில் இருந்து தொடங்கினார்கள். மெனேஜர்மார் மறுபடியும் நிர்வகித்தார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஆனதை சுந்தரம்மா பார்த்தாள். அம்புலன்ஸ்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். இந்த நாட்டில் எதுதான் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? வாழ்க்கையில் முதல் தடவையாக அரசாங்கத்தின் தாமதத்தை அவள் கையெடுத்துக் கும்பிட்டு நம்பினாள்.

அவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டபோது பதினொன்றரை.

மேடையேறினாள். "டு மூவ் ஃபாஸ்ட் ஒன் ஃபுட்" என்றாள். பிழை இல்லை. இறங்கப்போனவளை ஆலோசகர் கையைக் காட்டி நிறுத்தினார். மொழி என்பது வாயில் இல்லை, உடம்பில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். றினோஸ் மொழிபெயர்த்தான்: "ஓடிக் காட்டச் சொல்றார், அக்கா."

"எங்க?"

"இங்கதான். இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம்."

இரவு முழுக்கவும் பகல் பாதியும் நின்ற கால்களால் சுந்தரம்மா மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடினாள். படம் கலங்கிவிட்டது என்றார் விழாவைப் படம் எடுத்தவர். திரும்பவும் ஓடினாள். கொஞ்சம் மெதுவாக ஓடினால் படம் தெளிவாக வரும் என்றார். மெதுவாக ஓடினாள். திரையில் வெள்ளைக்காரர் இரண்டு பெருவிரல்களையும் உயர்த்திக் காட்டினார். மண்டபம் அதிர்ந்தது. அவளுடைய வரிசைதான் வென்றது. ஒரு ஆளும் குறையாத வரிசை அது ஒன்றுதானாம். பிள்ளைகள் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் அவர்களுடைய கைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். குழுப்படம் எடுத்த பிறகுதான் லொக்கர் திறக்கும் என்றதால், குழுப்படத்துக்கும் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் நல்லையாவின் கட்டிலில் வேறொரு மனிதர் இருந்து பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவரின் மகள் றம்லா அவளை அடையாளம் கண்டு எழுந்து வந்தாள். "நீங்கதானா அவங்கட பொஞ்சாதி? பத்தரைக்கே கொண்டு பெய்த்தாங்க, தம்பியும் கூடப் பெய்த்தார். எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினார் தெரியுமா? இந்தக் கட்டில் கம்பிய இறுக்கிப் பிடிச்சிட்டு விட மாட்டேன்னுட்டார். பொஞ்சாதி வாறா, இந்தா வந்திருவான்னு. அம்புலன்ஸ்ல வந்த பொடியன்மாரும் பாவம், கொஞ்சம் நின்னு பார்த்தாங்க."

"பொறகு?"

"பொறகு எனக்குத் தெரியாது. வாப்பாக்கு மருந்து எடுக்கப் போய்ட்டேன். வரக்குள்ள அவர் இல்ல."

கண்டி பஸ்ஸில் இடம் இல்லை. நின்றுகொண்டு போனாள். அக்குறணைக்குக் கிட்ட வரும்போது ரமேஸ் கோல் எடுத்தான். தியேட்டருக்குள் கொண்டுபோகவே இல்லையாம். வாசலில் வைத்தே மூச்சு முட்டி நின்றுவிட்டதாம். உடைந்த எலும்பிலிருந்து ஏதோ ஒரு கட்டி நெஞ்சுக்குப் போய்விட்டது என்று டொக்டர் சொன்னாராம். சுந்தரம்மா "சரி" என்றாள். எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று கொண்டக்டர் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காசு கொடுத்துவிட்டோமா இல்லையா என்பதும் தெரியவில்லை. கொண்டக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் லயத்து வாசலில் வெள்ளைக்கொடி கட்டியிருந்த இடத்துக்கு, சேற்றில் வழுக்கி வழுக்கிக் கம்பனியின் குழு ஏறி வந்தது. இந்திரகுமார், றினோஸ், கிருஷாந்தினி, பின்னால் விளக்குமாறு இல்லாத நோனா. பெரிய மலர்வளையம். அதன் நடுவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த ஆங்கிலத்தை யாரும் அங்கே சத்தமாக வாசிக்கவில்லை. நோனா யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே போய், சுந்தரம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்து, அவளுடைய முழங்காலில் கையை வைத்தாள்.

இந்திரகுமார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இப்படிப்பட்ட அறையில் எங்கே குனிய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தலை இடிக்கவில்லை.

"நீங்க எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றார். அவருடைய குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நாங்க என்ன, மனுசங்க இல்லையா? எங்க கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு."

"சொன்னேன் சேர்."

"யாருகிட்ட?"

"இங்கிலீசுல சொன்னேன்."

இந்திரகுமார் திரும்பிப் பார்த்தார். றினோஸின் முகம் மலர்வளையத்தைப் போல வெளுத்துப்போயிருந்தது. "ஓம் சேர்" என்றான். "பிழை இல்லாம சொன்னாங்க."

இந்திரகுமார் எழுந்து, மூன்று நாள் லீவு இருக்கிறது, சம்பளத்தோடு, என்று சொன்னார். பிறகு வாசலுக்குப் போய் மற்ற லயத்து வீடுகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். தப்பு மேளச் சத்தம் தொடங்கியதும் குழு இறங்கிப் போனது. நோனா மட்டும் போகவில்லை.

நல்லையாவை எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு ஆம்பிளைகள் திரும்பி வந்து கால் கழுவினார்கள். ரமேஸ் ஈரக் காலோடு வந்து அவளுக்கு எதிரில் இருந்தான். இரண்டு நாளாக அவன் எதையோ சொல்ல வாயெடுத்து எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அண்ணன் கடைசியா ஒங்களக் கோவிக்கல்ல. அத நீங்க தெரிஞ்சுக்கணும்."

சுந்தரம்மா நிமிர்ந்தாள்.

"கம்பியப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் கெடந்தாரு. அந்தப் பொடியனுங்க நல்லவனுங்க, அவரத் தொடவே இல்ல. பொறகு அண்ணனே என்னக் கேட்டாரு, மணி என்னான்னு. சொன்னேன். 'அவளுக்கு இன்னைக்கு இங்கிலீசுடா, நடுவுல எந்திரிச்சு வர ஏலாது'ன்னாரு. அந்தப் பொடியனுங்ககிட்டயும் சொன்னாரு, 'என் பொஞ்சாதி இன்னைக்கு மேடையில இங்கிலீசு பேசுறா'ன்னு. சிங்களத்துல சொன்னாரு, அவனுங்களுக்கு வெளங்கணும்னு. அப்புறம் சரி, போவோம்னு..."

"கைய?"

"என்னா அண்ணி?"

"கம்பியில இருந்து கைய யாரு எடுத்தா?"

ரமேஸ் ஒன்றும் விளங்காமல் பார்த்தான். "அவரேதான் எடுத்தாரு. யாரும் ஒன்னும் சொல்லல்ல. அவரா எடுத்து நெஞ்சு மேல வச்சிக்கிட்டாரு."

நோனாவின் கை அவளுடைய முழங்காலை இறுக்கியது. வாசலில் யாரோ கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுந்தரம்மா பேசினாள். அவளுடைய குரல் இரவு வேலை முடிந்து வருகிற நாட்களில் இருப்பதைப் போலவே இருந்தது.

"அவங்கதான் அவரு கையப் பிச்சு எடுத்தாங்கன்னு சொல்லு, ரமேசு."

"அண்ணி..."

"அவ வர்ற வரைக்கும் விட மாட்டேன், விட மாட்டேன்னாரு. அவங்க பிச்சு எடுத்தாங்க. அப்புடிச் சொல்லு."

ரமேஸ் நோனாவைப் பார்த்தான். சொல்லு என்பதுபோல் நோனா தலையை அசைத்தாள்.

"ஆமா அண்ணி" என்றான் அவன். "ரெண்டு பேரு. ரெண்டு பேரு சேந்துதான் பிச்சு எடுத்தாங்க."